அலமாரி அப்பா

மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா என்று எங்கே போனாலும் இவரைப் பார்க்கலாம். பி.ஐ.பி.ஜி. எனும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முதல் வரிசை. கேள்வி நேரம் வந்ததும் முதலில் உயரும் கை இவருடையது. "பையன் புத்தகத்தையே தொட மாட்றான் டீச்சர்!"

எப்படித் தொடுவான்? புத்தகங்கள் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. தவணைக்கு வாங்கிய கலைக்களஞ்சியத்தின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரியவில்லை. விருந்தாளி வந்தால் விளக்குப் போட்டுக் காட்டுவார். பையன் கேட்டால், "கை கழுவிட்டு வா, கிழிச்சிடுவ." அவன் கழுவி வருவதற்குள் சாவி வைத்த இடம் மறந்துபோயிருக்கும்.

பள்ளிகளில் 1999 முதல் நிலாம் வாசிப்புத் திட்டம் நடக்கிறது. வாசித்த புத்தகத்தின் தலைப்பு, எழுத்தாளர், சுருக்கம் எல்லாவற்றையும் மாணவர் பதிய வேண்டும். நல்ல ஏற்பாடுதான். நம்மவர் கண்ணுக்கோ எண்ணிக்கை மட்டுமே தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளை முந்திவிட்டாள் என்று கேள்விப்பட்ட இரவு, பின்னட்டைகளைப் பார்த்து இவர் சுருக்கம் சொல்ல, பையன் எழுதினான். முறைப்படி பார்த்தால் பரிசு அப்பாவுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

தொடக்கப்பள்ளி இறுதியில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் அரசாங்கம் எடுத்துவிட்டது. இவர் எடுக்கவில்லை. கதைப்புத்தகம் என்றால் உடனே, "அது சோதனைக்கு வருமா?" புக்கிட் பாருவில் உள்ள மாநிலப் பொது நூலகத்துக்குப் போகலாமே என்று மனைவி சொன்னால், "அங்க பார்க்கிங் கிடைக்காது."

வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கு 2,500 ரிங்கிட் வரை கழிவு உண்டு. புத்தகமும் கைப்பேசியும் அதே கணக்கில்தான் வருகின்றன. யார் செய்த குறும்போ! இவர் வீட்டில் கைப்பேசி முழுத் தொகையையும் விழுங்கிவிடும். புத்தகத்துக்கு அடுத்த வருடம். அந்தக் கைப்பேசியில் விரலை ஓட்டியபடியேதான் "போய்ப் படிடா!" என்று குரல் கொடுப்பார்.

இந்த வீட்டில் வாசிப்பவர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். அப்பாவின் அம்மா. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பு முடிந்தது. அந்தக் காலத்து லயத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பாட்டியின் தகப்பனார் அப்படி வாசித்தது தமிழ் நேசன். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுவிட்டது, பாட்டி நிறுத்தவில்லை. வேறு பத்திரிகை வாங்கி ஞாயிறு காலையில் சத்தமாக வாசிக்கிறார். பையன் ஒட்டி உட்கார்ந்து, "அப்புறம் என்னாச்சு பாட்டி?" என்று கேட்பான். தலைப்புகளை அவனே எழுத்துக்கூட்டி முந்திக்கொள்வான்.

அப்போதுதான் அப்பா வருவார். "ம்மா, பேப்பர் கதையெல்லாம் அப்புறம் சொல்லும்மா. அவன் போய்ப் படிக்கட்டும்!"

இந்த வீட்டுக்கு அடுத்த கலைக்களஞ்சியம் வேண்டாம். பாட்டி பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டால் போதும். பையனுக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது, நாற்காலி அப்பாவுக்கு.