குலைக்கிற நாய்க்குத்தான் முதல் அடி

வாங்க தலைவர் மருமகனே, உக்காருங்க. பதவியில இருக்கீக, அதனால வாங்க போங்க. கிராமசபையில தீர்மானம் போடப் போறீகளாமே, வெறிநாய்க்கடி வந்துரப்படாதுன்னு வீட்டு நாய், தெரு நாய் பாக்காம அம்புட்டையும் கொன்னுபோடணும்னு? நல்ல ரோசனை. சட்டம் விடுமாங்கிறதை கிளார்க்கு பாத்துக்கிடட்டும். செய்யிறதைத் திருத்தமாச் செய்யணும்லா, அதான் கூப்பிட்டு விட்டேன்.

உங்களுக்கு முந்தியே சீனாக்காரன் செஞ்சு பாத்துட்டான். எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காதீக, பேத்தி வாசிச்சுச் சொன்னா. யுன்னான் மாகாணத்துல மூடிங்னு ஒரு வட்டாரம். 2006-ல அங்க வெறிநாய்க்கடியில மூணு பேரு செத்தாக. அதுல ஒண்ணு நாலு வயசுப் பொட்டப்புள்ள. பெத்தவ வயிறு என்ன பாடுபட்டிருக்கும்! அதை நான் இல்லைங்கல. அதிகாரிக இறங்கி அஞ்சே நாளுல 50,000 நாயைத் தீத்துட்டாக.

எப்படிங்கிறீக? ராத்திரி ஊருக்குள்ள புகுந்து சத்தம் போட வேண்டியது. எந்த வீட்டுல நாய் குலைக்குதோ அங்க போய் அடிக்க வேண்டியது. வாசலைக் காத்தது செத்துச்சு. களவாணி மிதிச்சுட்டுப் போனாலும் கண்ணை முழிக்காத சோம்பேறி ஏதாவது இருந்தா அது பிழைச்சிருக்கும். நீங்களும் அப்படியே செய்ங்க, டார்ச் லைட்டு நான் தாரேன்.

சொந்த நாயைத் தானே கொன்னவனுக்கு 5 யுவான். அன்னைக்கு நம்ம காசுக்கு முப்பது ரூவா தேறாது. செத்ததுல 4,000 நாய் தடுப்பூசி போட்டது. சொல்பேச்சு கேட்டு ஊசி போட்டவன் வீட்டுக்கும் அதே தடிதான். அடுத்த தரம் ஊசி போட வாங்கன்னு தண்டோராப் போட்டா அவன் வருவாங்கிறீக?

போலீசு நாயையும் பட்டாளத்து நாயையும் மட்டும் தொடலையாம். கிருமிக்குக் காக்கிச்சட்டைன்னா பயம் போல. ஆமா, உங்க வீட்டுச் சிப்பிப்பாறை நாய் எந்த இலாகா?

பாலித் தீவுலயும் 2008-ல நோய் புகுந்ததும் விஷம் வச்சுத்தான் பாத்தாக. புள்ள மாதிரி வளத்தவன் சும்மா இருப்பானா? நாயைத் தூக்கிட்டுப் போய் ஒளிச்சான். நாயை இழந்தவன் எங்கிருந்தோ ஊசி போடாத குட்டியைக் கொண்டாந்தான். நோய் ஊரு ஊராச் சவாரி போச்சு. பெறகு 2010-லதான் தீவு பூராவும் ஊசி போடக் கிளம்புனாக, அதுக்கப்புறந்தான் சாவு இறங்குச்சு. நூறு நாய்க்கு எழுபதுக்கு ஊசி விழுந்தாப் போதும், நோய் பரவ வழியில்லாமப் போயிரும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. எழுபதுங்கிறது நீங்க எலக்சன்ல வாங்குனதை விட ஜாஸ்திதான், இருந்தாலும் முயற்சி பண்ணலாம்.

வெறி பிடிச்சு வாயில எச்சி ஒழுக வாரதை மடியில வச்சுக் கொஞ்சச் சொல்லல. அதை முடிக்கத்தான் வேணும். கடிபட்டவன் சோப்புப் போட்டு கால் மணி நேரம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நம்மாளு மிளகாப்பொடி தடவிட்டு மந்திரிக்கப் போறான், அதுக்கு ஏன் ஒரு தீர்மானம் இல்ல? நாயை அடிக்க ஆள்கூலி எழுதியிருக்கீக, கால்நடை டாக்டருக்கு ஒரு கடுதாசி எழுதலையே?

தீர்மானத்தைக் குடுங்க, ரேகை வைக்கிறேன். ஒரே ஒரு வரி மட்டும் சேத்துக்கிடுங்க: 'முதல் நாய் தலைவர் வீட்டு நாய்.'

என்ன, எந்திரிச்சுட்டீக? காப்பி கொதிக்குது. டாக்டர் நம்பர் பேத்திகிட்ட இருக்கு, அதையாவது வாங்கிட்டுப் போங்க.