காஸ்மோலின் கைங்கரியம்

அமெரிக்காவில் பழைய மோசின்-நாகன்ட் ரைஃபிள் வாங்கியவரின் கையில் முதலில் ஒட்டுவது வரலாறு அல்ல, காஸ்மோலின். கிடங்கில் துருப்பிடிக்காமலிருக்க அப்பிய மசகு அது. வெந்நீர், மண்ணெண்ணெய், பல்துலக்கும் பிரஷ் என்று நாள் முழுக்கத் தேய்த்துவிட்டுச் சுடப் போனால், குழல் சூடேறியதும் கட்டைக்குள் பதுங்கியிருந்த மிச்சம் கசிந்து சட்டையை நனைக்கும்.

1891-இல் ரஷ்ய ஜார் படைக்கு வந்த துப்பாக்கி இது, 1930-இல் திருத்தினார்கள். தூலா, இஷெவ்ஸ்க் ஆலைகள் கோடிக்கணக்கில் செய்து தள்ளின. இருந்தும் நம்மவரிடம் இருப்பது மட்டும் அபூர்வம். போல்ட்டிலும் குழலிலும் ஒரே எண், இரண்டும் பிறந்ததிலிருந்து ஜோடி என்று காட்டும்போது குரல் தழுதழுக்கும். பழுதுபார்த்த ஆலையிலேயே பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது எண் பொறிப்பது வழக்கமாக இருந்தது என்பதை அவரிடம் சொல்லாதீர்கள், நட்பு முக்கியம்.

குறி தப்பினால் பதில் தயார்: பயனெட் மாட்டியபடி சுடுவதற்குத்தான் குறிகாட்டியைச் சரிசெய்தார்கள். உண்மைதான். ஆகவே காகித இலக்குக்கு எதிரே நீண்ட பயனெட்டோடு நிற்கிறார். காகிதம் பாய்ந்து வந்தாலும் சமாளித்துவிடுவார்.

மலிவான பழைய தோட்டாக்கள் சுட்டபின் குழலில் உப்பை விட்டுச்செல்லும், துரு தின்னும். வீடு திரும்பியதும் அந்த உப்பைக் கழுவக் கெட்டிலில் நீர் கொதிக்கிறது. விருந்தாளிகள் காபி என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு காலத்தில் நூறு டாலருக்குள் கிடைத்தது, இன்று விலை பல மடங்கு. "முதலீடு" என்கிறார். விற்பீர்களா என்று கேட்டால், இன்னொன்று எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்.