கண்ணாடி பார்த்து ஆடுற பேராண்டிக்கு

டேய் பேராண்டி, மொட்டை மாடியில நீ போடுற குதியில காரை பேந்து என் சாப்பாட்டுத் தட்டுல விழுது. பரவால்ல, ஆடு. இன்னாடா ஆட்டம்னு கேட்டா "ஹிப் ஹாப் தாத்தா"ன்ற. அதுல எதுடான்னா முழிக்கிற. ஷூவுல மட்டும் எந்தக் கம்பெனி, எந்த மாடல்னு அத்துப்படி.

ரிட்டயர் ஆனவனுக்கு யூடியூப்தான்டா டூட்டி, கேட்டுக்கோ. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்ல பிராங்க்ஸ் ஏரியா, செட்ஜ்விக் அவென்யூ, 1520ஆம் நம்பர் கட்டடம். சிண்டி காம்ப்பெல்னு ஒரு பொண்ணு, பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள புதுத்துணி எடுக்க துட்டு வேணும்னு பார்ட்டி வச்சா. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50. பாட்டு போட்டது அவ அண்ணன், கூல் ஹெர்க். பாடுறவன் வாயை மூடி, வெறும் அடி மட்டும் வர்ற இடத்துலதான் ஜனம் எகிறுதுன்னு கவனிச்சவன் அவன். அந்தத் துண்டு சட்டுனு முடிஞ்சிடும். அதனால ஒரே ரெக்கார்டுல ரெண்டு வச்சுக்கினு, இது முடிய அது, அது முடிய இதுன்னு இழுத்தான். அந்த இழுவைக்கு ஆடினதுதான் உன் பிரேக்கிங்.

நீயோ நின்னு ஆடுற டாப்ராக்கும் வராம, கையை ஊனி காலை வீசுற ஃபுட்வொர்க்கும் வராம, மொத நாளே ஹெட்ஸ்பின் சுத்தணும்ன்ற. சுத்து ராஜா. உங்கப்பன் இ.எஸ்.ஐ. கார்டை பாக்கெட்ல வச்சுக்கினு சுத்து.

லாக்கிங், பாப்பிங் ரெண்டையும் பிராங்க்ஸ் கணக்குல சேர்க்காத. அது கலிபோர்னியா சரக்கு, ஃபங்க் பாட்டுக்கு ஆடினது. லாஸ் ஏஞ்சல்ஸ்ல டான் காம்ப்பெல்னு ஒருத்தர். அவரும் காம்ப்பெல்தான், சிண்டி வீட்டு ஆளு இல்ல. ஃபங்கி சிக்கன்னு ஒரு ஆட்டம் ஆடப் போனாரு. வரல. கை பாதியில நின்னுபோச்சு. பார்த்தவன்லாம் சிரிச்சான். இவரு வெக்கப்படாம மறுபடியும் அதே இடத்துல நிறுத்தினாரு. அதுதான்டா லாக்கிங்! உனக்கும்தான் ஒண்ணும் வரல. ஆனா நீ உடனே வீடியோவை டெலீட் பண்ணிட்டு அடுத்த டேக் எடுக்குற. அப்புறம் எங்கேர்ந்துடா புது ஆட்டம் பொறக்கும்?

பாப்பிங்குக்கு ஃப்ரெஸ்னோ ஊரு பூகலூ சாம். 1977ல எலக்ட்ரிக் பூகலூஸ்னு குரூப் சேர்த்தவரு. சதையை இறுக்கி விடணும், அவ்ளோதான். நான் அம்பத்தூர் எஸ்டேட்ல பவர் பிரஸ் ஓட்டினவன். அந்த பிரஸ் மாதிரி டக்குனு எறங்கி டக்குனு நிக்கணும், புஜம் தனியா, கழுத்து தனியா. உனக்கு மொத்தமா குலுங்குது. அதுக்குப் பேரு பாப்பிங் இல்ல, குளிர்ஜுரம்.

கோவம் வந்தா கிரம்ப் ஆடு. அதுவும் லாஸ் ஏஞ்சல்ஸ்தான், 2000 வாக்குல வந்தது. ஆனா வைஃபை போச்சுன்னு வர்ற கோவம் அதுக்குப் பத்தாது.

1993ல ஜென்டில்மேன் படத்துல பிரபுதேவா ஒத்தப் பாட்டுக்கு வந்து ஆடிட்டுப் போனாரு. அடுத்த தீபாவளிக்கு இந்தத் தெருப் பசங்க அத்தனை பேரும் தொளதொள பேண்ட் தைச்சானுங்க, உங்கப்பன் உட்பட. பேண்ட் வந்துச்சு. பிரபுதேவா பரதமும் கத்துக்கினவரு. அதை டெய்லர் தைச்சுக் குடுக்க மாட்டான்ல?

அப்புறம் நீ சேரணும்னு நிக்கிற இந்த டான்ஸ் சர்ட்டிபிகேட் கோர்ஸ். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல பிரேக்கிங் வச்சாங்க, ஜப்பான் பொண்ணு ஆமி தங்கம் ஜெயிச்சா. அதே மேடையில ஆஸ்திரேலியா அம்மா ஒருத்தங்க, பிரேக்கிங்கை ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டமே வாங்கினவங்க. மூணு போட்டி ஆடினாங்க, நடுவர் ஒருத்தர்கூட ஓட்டுப் போடல. அவங்களாவது பாரிஸ் வரைக்கும் போனாங்க, நீ நம்ம பாடி ஏரியாவையே தாண்டல. 2028 ஒலிம்பிக்ஸ்ல அந்த ஆட்டமே கெடையாது. அதனால தங்கம் வாங்கப் போறேன்னு அம்மாகிட்ட ஃபீஸ் கேக்காத, வேற பொய் ரெடி பண்ணு.

ஆடி மாசம் அம்மன் கோயில்ல கூழ் ஊத்துறப்ப பம்பைக்காரங்க வருவாங்க. ஸ்பீக்கரை வீட்ல வச்சிட்டு வா. அடி எப்ப மாறும்னு அவங்க உனக்கு மெசேஜ் போட மாட்டாங்க. லாக்கோ பாப்போ, தெரிஞ்சதைப் போடு. கை பாதியில நின்னா நிக்கட்டும். நானே வீடியோ எடுக்குறேன். இந்தப் போன்ல டெலீட் பட்டன் எங்க இருக்குன்னு தாத்தாவுக்கு சத்தியமா தெரியாதுடா.