பஞ்சாங்கம் தெரியாத கீசர்

முதலில் கை வைக்க முடியாத அளவுக்குத் தண்ணீரைக் காய்ச்ச வேண்டியது. பிறகு பச்சைத் தண்ணீரை ஊற்றி அதே சூட்டை இறக்க வேண்டியது. வெந்நீர்க் குளியல் என்று தலைமுறை தலைமுறையாக நாம் செய்துவருவது இதைத்தான். உடம்புக்கு நாற்பது டிகிரி போதும். கீசரில் ஏற்றுவது அறுபது. விளாவ ஒரு கை, பதம் பார்க்க ஒரு விரல், "இன்னொரு சொம்பு ஊத்து" என்று வெளியிலிருந்து ஒரு குரல். கூடுதலாக இருக்கும் அந்த இருபது டிகிரி எதற்கு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கேட்கிற கீசர் ஒன்று எங்கள் கோயம்புத்தூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. யார் எந்த நேரத்தில் குளிக்கிறார்கள், எவ்வளவு வெந்நீர் செலவாகிறது என்று ஒரு வாரம் கவனிக்குமாம். அடுத்த வாரத்திலிருந்து அந்தந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், தேவையான சூட்டை மட்டும் ஏற்றுமாம். மற்ற நேரத்தில் தானாகவே சூட்டை இறக்கி வைத்துக்கொண்டு மின்சாரத்தை மிச்சப்படுத்துமாம். கடைக்காரர் இதைச் சொல்லச் சொல்ல என் மனைவியின் முகம் மலர்ந்தது. சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஒரு ஜீவன் கடைசியில் வீட்டுக்கு வரப்போகிறது என்ற மலர்ச்சி அது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டவர் மாமனார். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஆள் வரும் முன்பே மீட்டர் எதிரே நின்று மனக்கணக்கை முடித்துவிடுவார். முதல் நூறு யூனிட் இலவசம் என்பதைச் சொல்லும்போது நிமிர்ந்து நிற்கும் அவர் குரல், ஐந்நூறைத் தாண்டினால் ஸ்லாபே மாறிவிடும் என்று சொல்லும்போது இழவு வீட்டுக் குரலாகிவிடும். கீசர் ஸ்விட்ச்சைப் போடுவதும் அணைப்பதும் எங்கள் வீட்டில் அவர் இலாகா. நான் உள்ளே சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே 'டக்' என்று சத்தம் கேட்கும்.

அறுபது டிகிரி வீண் என்ற கதையைக் கடைக்காரர் எடுத்ததும் மாமனார் மடக்கினார். "விளாவுனா சூடு எங்கீங்க போகும்? பக்கெட்டுக்குள்ளதானுங்களே இருக்குது?"

கேள்வி நியாயமானது. விளாவுவதில் நஷ்டமே கிடையாது. 15 லிட்டர் தொட்டியில் 25 டிகிரி தண்ணீரை அறுபதுக்கு ஏற்ற 0.6 யூனிட்டும், 2000 வாட் காயில் என்றால் பதினெட்டு நிமிடமும் ஆகும். அந்தத் தண்ணீரை நாற்பதுக்கு விளாவினால் 35 லிட்டர் கிடைக்கும்; இரண்டு பேர் தாராளமாகக் குளிக்கலாம். இரண்டாவது ஆள் குளிக்காமல் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டால்தான் சிக்கல். மிச்ச வெந்நீர் தொட்டிக்குள் உட்கார்ந்து ஆறும், ஆற ஆறக் காயில் மறுபடி சுடவைக்கும். தொட்டியைச் சுற்றி நுரை உறை போட்டிருந்தாலும் சூடு கசியாமல் இருக்காது. கீசர் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் இந்தக் கசிவு எவ்வளவு குறைவு என்பதற்குக் கொடுத்த மதிப்பெண்தான். உள்ளே 60, வெளியே 25 என்றால் வித்தியாசம் 35. நாற்பத்தைந்திலேயே நிறுத்தி வைத்தால் வித்தியாசம் 20. கசிவு நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும்.

மாமனார் இதை மறுக்கவில்லை. "இதத்தானுங்க நானும் ஸ்விட்ச்ச அணைச்சுப் பண்ணிட்டு இருக்கறன்" என்றார். அதுவும் உண்மைதான்.

சூட்டைக் கவனிக்கும் ஆளை ஒழித்துக்கட்டும் முயற்சி இன்று நேற்று தொடங்கியதல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் ஊரில் வாரன் ஜான்சன் என்றொரு ஆசிரியர். வகுப்பறை குளிர்கிறதா, புழுங்குகிறதா என்று பார்க்கக் கல்லூரி ஊழியர் அடிக்கடி உள்ளே வந்து பாடத்தைக் கெடுத்ததால், சூட்டைத் தானே அறிந்து தகவல் சொல்லும் மின்சாரத் தெர்மோஸ்டாட்டைச் செய்து 1883இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். அவருக்கு வாய்த்தவர் கல்லூரி ஊழியர். எனக்கு வாய்த்தவர் மனைவியின் அப்பா.

முதல் வாரம் கீசர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. மாட்டிவிட்டுப் போன பையன் திரும்ப வந்து பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க மெயினை அணைச்சா அது எப்படிங்க கத்துக்கும்? கொஞ்ச நாளைக்கு விடுங்க" என்றான். மாமனார் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாப்ள, ஸ்விட்ச்ச அணைக்காம கரண்ட்ட மிச்சம் பண்றதுங்களா?"

ஐரோப்பாவில் இந்த மாதிரி புத்திசாலி ஹீட்டர்களுக்குப் பரீட்சையே வைக்கிறார்கள். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதியின்படி ஒரு வாரம் புத்தியை அணைத்து வைத்தும், இன்னொரு வாரம் இயக்கியும் பார்த்து, செலவு எவ்வளவு குறைந்தது என்று கணக்கெடுக்க வேண்டும். அந்தப் பரீட்சை அறையில் மாமனார் இருக்க மாட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒருவழியாக அவர் விட்டுக்கொடுத்தார். கீசரும் படித்தது, கொஞ்சம் அதிகமாகவே படித்தது. எந்த நேரத்தில் எவ்வளவு வெந்நீர் போனது என்று போனில் கோடு போட்டுக் காட்டும். என் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரத் தலையோடு வந்து "குளிச்சாச்சு" என்று சொல்லும் நேரத்தில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. "பச்சத் தண்ணில குளிச்சேன்" என்றான். டிசம்பர் மாதக் கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் அவன் குளித்ததை அவனுடைய அப்புச்சியே நம்பவில்லை.

இடையிடையே ராத்திரியில் தானாக அறுபதைத் தாண்டும் வழக்கமும் கீசருக்கு உண்டு. இளஞ்சூட்டுத் தண்ணீர் லெஜியோனெல்லா என்ற கிருமிக்குச் சௌகரியமான வீடு. 1976இல் பிலடெல்பியா ஓட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களை நிமோனியாவில் படுக்கவைத்து வெளிச்சத்துக்கு வந்த கிருமி அது. அதைக் கொல்லத்தான் இந்தச் சூடு. ராத்திரியில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்த மாமனாருக்கு இதைச் சொன்னேன். "நம்மூட்டுக் கிருமியெல்லாம் அந்தளவுக்குப் படிக்கலைங்க" என்று சொல்லி அணைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள், சனிக்கிழமை மாமனார் குளிக்கிறார் என்பதைக் கீசர் பிடித்துக்கொண்டது. சீயக்காய்ப் பொடியை அலச இரண்டு பங்கு வெந்நீர் வேண்டும் என்பதும் புரிந்திருந்தது. மாமியார் அதற்கு நல்ல பெயர் கொடுத்தார். ஆனால் அதன் உலகத்தில் இருப்பது ஏழு கிழமைகள் மட்டும். அமாவாசையன்று எண்ணெய்க் குளியல் கிடையாது, கிருத்திகையன்று விடியும் முன்பே தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்கு எட்டவில்லை. "பஞ்சாங்கத்த உள்ள போட முடியாதுங்களா?" என்று மாமனார் கேட்டதற்கு அந்தப் பையன், "அடுத்த மாடல்ல பாக்கலாங்க" என்றான். விற்பனையில் நன்றாக வருவான்.

தீபாவளி திங்கட்கிழமை வந்தது. விடியற்காலை நாலு மணிக்கு மைத்துனர் குடும்பம் உட்பட வீடே எண்ணெய் வழிய நிற்கிறது. கீசர் ஆறேகாலுக்குத்தான் எழுந்திருக்கும். மாமனார் இதற்காகவே முதல் நாள் ராத்திரியே புறக்கடையில் கல் கூட்டி, அண்டாவை ஏற்றி, கொட்டாங்குச்சியும் மட்டையும் குவித்து வைத்திருந்தார். ஒவ்வொருவருக்கும் தானே விளாவி, "பதமா இருக்குதுங்களா மாப்ள?" என்று கேட்ட குரலில் வெற்றி வழிந்தது. அண்டா பாதிப் பேரோடு தீர்ந்துபோய், மீதிப் பேருக்காக என் மனைவி கீசரின் அவசரப் பொத்தானை அழுத்தியதை அவர் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

கீசர் பார்த்திருந்தது. திங்கட்கிழமை, காலை நாலு மணி, கூட்டம் அதிகம் என்று குறித்துக்கொண்டது. அடுத்த திங்கட்கிழமை நாலு மணிக்குத் தொட்டி நிறைய அறுபது டிகிரி வெந்நீர் தயார். வீட்டில் விழித்திருந்தவர் மாமனார் ஒருவர். காய்ந்த தண்ணீரை வீணாக்க மனம் வராமல் குளித்துவிட்டார். அவர் குளித்ததால் கீசர் அதற்கடுத்த திங்களும் நாலு மணிக்கே சூடேற்றியது.

"ஒரே ஒரு வாரம் யாரும் தொடாம இருங்க, மறந்துடும்" என்று கடைப் பையன் வழி சொன்னான். காய்ந்த தண்ணீரைத் தொடாமல் இருப்பதாவது! இப்போது வாராவாரம் திங்கட்கிழமை அவர் நாலு மணிக்குக் குளிக்கிறார். ஆனால் ஒரே ஆள் 35 லிட்டரைத் தீர்க்க முடியாதல்லவா? ஈரத் துண்டோடு வந்து என் போர்வையை இழுக்கிறார்.

"எந்திரிங்க மாப்ள. உள்ள அர யூனிட்டு ஆறிட்டு இருக்குதுங்க."