ஒரே இன்ஜின், நாலு குணம்

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

"உன் கார்ல மோடு மோடுன்னு என்னவோ இருக்காமே, அது என்னப்பா செய்யும்?" என்று போனில் கேட்டீர்கள். ஆயுசெல்லாம் அரசு பஸ் ஓட்டியவருக்கு வாயால் விளக்கத் தைரியம் வரவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

கியருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். ஈகோ, கம்ஃபர்ட், ஸ்போர்ட், ஸ்நோ என்று நாலு குணம். எதை அமுக்கினாலும் இன்ஜின் அதேதான். உங்கள் பஸ்ஸில் மிதித்த மிதி நேராக டீசல் பம்புக்குப் போகும். இந்தக் காரில் பெடலோடு ஒரு சென்சார் இருக்கிறது. "ஐயா இவ்வளவு மிதிக்கிறார்" என்று அது கம்ப்யூட்டரிடம் போய்ச் சொல்லும். கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது கம்ப்யூட்டர். பொத்தான் மாற்றுவது அதன் மனசைத்தான்.

ஈகோவில் அது மாசக் கடைசியில் சித்தி மாதிரி: நூறு கேட்டால் இருபது தரும். கியரைச் சீக்கிரமே மேலே ஏற்றிவிடும், ஏ.சி.யையும் அடக்கி வாசிக்கும். (இந்தப் பத்தியைச் சித்திக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.) ஸ்போர்ட்டில் கால் பட்டாலே பாயும். கீழ் கியரை விடாமல் பிடித்துக்கொண்டு இன்ஜினை அலற வைக்கும், ஸ்டீயரிங்கும் கனக்கும். அலறலில் ஒரு பங்கு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்பதுதான் வேடிக்கை! அதைவிட வேடிக்கை, பெடலைத் தரைவரை மிதித்துவிட்டால் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஈகோவும் ஸ்போர்ட்டும் ஒன்றுதான்.

"ஆட்டோபானில் பறப்பாயே" என்பீர்கள். அந்த நெடுஞ்சாலையில் வேகப் பலகை இல்லாத இடங்களில் வரம்பு கிடையாது என்பது நிஜம். மணிக்கு 130 கிலோமீட்டருக்குள் போவது நல்லது என்று 1978-லிருந்து ஒரு சிபாரிசு மட்டும் உண்டு. ஆனால் பறக்க முன்னால் இடம் வேண்டுமே! நான் போகும் நேரமெல்லாம் சாலை வேலை. எங்கள் தெருவிலோ 30தான். ஒருநாள் அதில் ஸ்போர்ட்டை அமுக்கி உறுமிக்கொண்டே ஊர்ந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னல் திரையை விலக்கி முறைத்தார். "சத்தம் போகுது, வண்டி போகலையே" என்றாள் உங்கள் மருமகள்.

உருப்படியானது ஸ்நோதான். வண்டி இரண்டாவது கியரில், சக்கரம் சுழன்றுவிடாமல் பையக் கிளம்பும். சேற்றில் மாட்டிய பஸ்ஸை நீங்கள் அலுங்காமல் எடுப்பீர்களே, அதே வித்தை. ஆனாலும் பனியில் பிடிப்பைத் தருவது டயர்தான், பொத்தான் அல்ல. மலையும் பனித்துகளும் பொறித்த டயர் இல்லாமல் பனிச்சாலையில் ஓட்டினால் இங்கே அபராதம். 2024 அக்டோபரிலிருந்து வேறு முத்திரை எதுவும் செல்லாது.

தம்பி கார் வாங்கப் போகிறானாம், மோடு வைத்த மாடலுக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்களாம். மோடை மாற்றினால் ஷாக் அப்சார்பரும் இறுகுமா, இல்லை பெடலும் கியரும் மட்டும்தானா என்று ஷோரூமில் கேட்கச் சொல்லுங்கள். பெடலும் கியரும் மட்டும்தான் என்றால் அந்தப் பணத்தை நல்ல டயருக்கு வைத்துக்கொள்ளட்டும். பெடலை எப்படி மிதிப்பது என்று காசு வாங்காமல் சொல்லித்தர வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.

சித்திக்கு என் நமஸ்காரங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்