நைட் ஷிப்டும் வாலிபர் வகுப்பும்

பொன்னேரி வட்டாரத்துச் சபைகளில் 'வாலிபர் வகுப்பு' எனப்படுவது, சிறுவர் ஞாயிறு பள்ளியைக் கடந்துவிட்டவர்களும் இன்னும் திருமணம் ஆகாதவர்களுமான ஆண்களும் பெண்களும், ஆராதனைக்கு முன்போ பின்போ, வேதபாடத்துக்காகக் கூடும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைக் குறிக்கும். இதற்கு வயது வரம்பு பெயரளவில் உண்டு எனினும், நடைமுறையில் வாலிபம் என்பது ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை அச்சாகும் நாளில்தான் முடிவடைகிறது. அது அச்சாகும் வரை, நாற்பதை நெருங்குபவரும் வாலிபரே. இதனால், காதோரம் நரைத்த ஒருவர் கடைசி வரிசையில் நிரந்தர இடம் பெற்றிருப்பதைப் பல வகுப்புகளில் காணலாம். செயலாளர் பதவியும் பெரும்பாலும் அவரிடமே இருக்கும், ஏனெனில் மற்றவர்கள் மணமாகிக் 'குடும்ப ஐக்கியம்' என்னும் அடுத்த பிரிவுக்குப் போய்விடுகிறார்கள்.

இவ்வகுப்பின் மூதாதையைத் தேடிச் செல்பவர் தொழிற்சாலை வாசலில் போய் நிற்க நேரிடும். இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் செய்தித்தாள் நடத்திவந்த ராபர்ட் ரைக்ஸ் 1780-இல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது அவர் கருத்தில் கொண்டவர்கள், வாரத்தில் ஆறு நாளும் குண்டூசித் தொழிற்சாலைகளில் உழைத்துவிட்டு ஞாயிறன்று தெருவில் கூச்சலிட்டுத் திரிந்த சிறுவர்களே. வேதத்தைக் கொண்டு அவர்களுக்கு எழுத்தறிவு புகட்டிய பெண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் கூலி கொடுக்கப்பட்டது. (மிஷனரிகள் மேனாட்டுச் சபை வழக்கங்கள் அனைத்தையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள் என்ற கருத்தைப் பொன்னேரியின் வாலிபர் வகுப்பு ஆசிரியர் எவரும் ஏற்கமாட்டார், அந்த ஷில்லிங் வழியில் எங்கோ தவறிவிட்டது.) வளர்ந்தவர்களுக்கான வகுப்பும் ஆலையைச் சார்ந்தே பிறந்தது: 1798-இல் நாட்டிங்காமில் வில்லியம் சிங்கிள்டனும் சாமுவேல் ஃபாக்ஸும் தொடங்கிய பள்ளி, லேஸ் பின்னும் ஆலைகளிலும் காலுறை ஆலைகளிலும் வேலை பார்த்த இளம்பெண்களுக்கானது.

எனினும், ரைக்ஸுக்கு வாய்த்த ஒரு வசதி பொன்னேரிக்கு வாய்க்கவில்லை. குளோஸ்டரின் ஆலைகள் ஞாயிறன்று மூடிக் கிடந்தன. இந்தியாவில் ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை எளிதில் கிடைத்துவிடவில்லை என்பதும், நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடிய பின்னரே 1890 ஜூன் 10 அன்று பம்பாய் ஆலை முதலாளிகள் அதற்கு இணங்கினர் என்பதும் சபைப் பிரசங்கங்களில் அதிகம் சொல்லப்படாத வரலாறு. 1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், வாரத்தின் முதல் நாளையே விடுமுறையாக வகுத்தாலும், அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாள்களுக்குள் மாற்று விடுமுறை அளித்தால் ஞாயிறன்றும் வேலை வாங்கலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தது. பொன்னேரி வாலிபர்கள் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உலைகளும் அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையக் கொதிகலன்களும் கிழமை பார்த்து அணைவதில்லை. ஆகவே ஒருவருடைய ஞாயிறு புதன்கிழமையிலும் இன்னொருவருடைய ஞாயிறு வியாழக்கிழமையிலும் விழுகின்றன.

இதன் விளைவைப் பாடத்திட்டத்தில் தெளிவாகக் காணலாம். யோசேப்பின் வாழ்க்கையை நான்கு வாரத் தொடராக வகுத்துக்கொண்ட ஆசிரியருக்கு, சுழல் ஷிப்டில் இருக்கும் மாணவர் முதல் வாரமும் நான்காம் வாரமும் மட்டுமே கிடைக்கிறார். முதல் வாரம் யோசேப்பு குழியில் கிடக்கிறான். அடுத்து இவர் பார்க்கும்போது எகிப்து முழுவதற்கும் அதிகாரியாக இருக்கிறான். நடுவில் இருந்த அடிமைத்தனமும் சிறைவாசமும் ஷிப்டில் கழிந்துவிட்டபடியால், பதவி உயர்வு இத்தனை விரைவாகக் கிடைக்கும் நிறுவனம் எது என்று இவர் உண்மையான ஆர்வத்துடன் விசாரிக்கிறார். இப்பகுதியில் தொடர்பாடம் என்ற முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு பாடத்தையும் அன்றே தொடங்கி அன்றே முடித்துவிடுவதே அறிவுடைமை.

உறக்கம் என்ற பொருளையும் இங்கே தவிர்க்க முடியாது. இரவு பத்து மணிக்கு வேலைக்குப் போய்க் காலை ஆறு மணிக்கு வெளியேறி, கவரைப்பேட்டையிலோ மீஞ்சூரிலோ மின்சார ரயில் பிடித்து, ஞாயிறு என்பதால் குறைந்துபோன வண்டிகளுக்காக நெடுநேரம் காத்திருந்து, நேரே வகுப்புக்கு வந்து அமர்பவர் பத்தாவது நிமிடத்தில் தலை சாய்ப்பதைப் பக்திக் குறைவு என்று கருதும் மூத்தோர் உண்டு. அவர்கள் அப்போஸ்தலர் நடபடிகளின் இருபதாம் அதிகாரத்தை மீண்டும் வாசிப்பது நல்லது. துரோவா பட்டணத்தில், வாரத்தின் முதல் நாளில், பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் உறங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் என்பது அங்குள்ள செய்தி. ரோமப் பேரரசில் ஞாயிறு ஓய்வுநாளாக அறிவிக்கப்பட்டது 321-இல்தான் என்பதால், அவனும் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவனாக இருக்கக்கூடும். பிரசங்கிகள் இந்நிகழ்ச்சியிலிருந்து வாலிபர்களுக்கே எச்சரிக்கை எடுத்துரைப்பது வழக்கம். பேசுபவருக்கும் அதில் ஓர் எச்சரிக்கை இருப்பதாக அவர்கள் எவருக்கும் தோன்றியதில்லை. பவுலுக்கு நேர்மை செய்வதானால், அவர் கீழே இறங்கிச் சென்று அவனை அணைத்துக்கொண்டார் என்பதையும், பின்னர் மேலேறி வந்து விடியும்வரை பேச்சைத் தொடர்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொன்னேரி ஆசிரியர் பின்பற்றத் தக்கது முதல் பாதி மட்டுமே.

கேள்வி கேட்டுப் பாடம் நடத்தும் முறைக்கும் இங்கே ஒரு தனி இடர் உண்டு. சிறு வயது முதல் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவர்கள், எந்தக் கேள்விக்கும் 'இயேசு', 'ஜெபம்', 'விசுவாசம்' என்னும் மூன்றில் ஒன்று சரியான விடையாக இருந்தே தீரும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்களாதலால், கேள்வி முடியுமுன்பே மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு அமைதியடைகிறார்கள். மேற்பார்வையாளர் பொய்க்கணக்கு எழுதச் சொன்னால் என்ன செய்வது, ஒப்பந்தத் தொழிலாளியும் நிரந்தரத் தொழிலாளியும் ஒரே வேலைக்கு வேறுவேறு கூலி பெறுவது நியாயமா என்பன போன்ற கேள்விகளில்தான் இம்மூன்று விடைகளும் ஒருசேரத் தோற்கின்றன; வகுப்பு அப்போதுதான் விழித்துக்கொள்கிறது, நைட் ஷிப்டுக்காரர் உட்பட.

'ஐக்கியம்' என்று சபை வழக்கில் சொல்லப்படுவது, கூடி ஜெபிப்பது முதல் கூடி உண்பது வரையிலான உறவு அனைத்தையும் அடக்கும். வேலை தேடி வந்தவர்களால் நிரம்பிய ஊரில் இது தானாக உண்டாவதில்லை. பாமாலையை எழுந்து நின்று பாட வேண்டும் என்று கருதும் திருநெல்வேலிக்காரரும், கைதட்டாமல் பாடுவது பாடலாகாது என்று கருதும் பெந்தெகொஸ்தே பின்னணியினரும், தெலுங்குப் பாட்டு ஒன்றாவது வேண்டும் என்னும் எல்லைப்புறத்துக்காரரும் ஒரே அறையில் இருக்கும்போது, முதல் பதினைந்து நிமிடம் எந்தப் பாட்டு என்பதிலேயே போய்விடுகிறது. இறையியல் இப்பிணக்கைத் தீர்த்ததாகத் தெரியவில்லை. வகுப்பு முடிந்து தரப்படும் தேநீரும் சமோசாவும் பெருமளவு தீர்த்திருக்கின்றன. வருகைப் பதிவேட்டைவிட, யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று செயலாளர் எழுதிவைத்திருக்கும் தாள் மதிப்பு மிக்கது. அதைக் கையில் வைத்திருப்பவர், வராதவரிடம் 'ஏன் தம்பி வரல?' என்று கேட்க வேண்டியதில்லை. புதன்கிழமை மாலை அவருடைய அறைக்கே நான்கு பேரை அனுப்பிவிடுகிறார். வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அதில் காலை வணக்கப் படங்களும் அவற்றுக்குரிய ஆமென்களும் பாதுகாப்பாக உள்ளன.

ஐக்கியத்தின் உண்மையான அளவுகோல் 'ஜெபக்குறிப்பு', அதாவது தமக்காக ஜெபிக்குமாறு ஒருவர் பிறர் முன் வைக்கும் விண்ணப்பம். புதிதாக வந்தவர் 'உலக சமாதானத்துக்காக' என்பார். ஓராண்டு கழிந்தவர் ரூம் அட்வான்ஸுக்காக என்பார். சம்பள உயர்வுக்காக ஜெபிக்கக் கேட்பவர் அதற்கும் மேற்பட்ட நிலையை எட்டியவர், ஏனெனில் அவர் தம் சம்பளத்தை வெளியே சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு நின்றுவிடும் என்பதால், தாயாருக்கு அதில் சிகிச்சை பெற்றுவரும் ஒருவருக்கு ஊதிய உயர்வு வேண்டுவது இரட்டை முனைக் கத்தி. அத்தகைய விண்ணப்பம் வரும்போது ஆசிரியர் தத்தளிக்க, கடைசி வரிசையிலிருந்து, எச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கும் அந்தக் காதோர நரைக்காரர் குறுக்கிடுவார்: பங்களிப்புக் காலம் அக்டோபர் முதல் தேதி தொடங்கி மார்ச் 31 வரை ஓடும், இடையில் உயர்ந்தால் மார்ச் வரை காப்பீடு நிற்காது, ஆகவே "தம்பிக்கு இன்கிரிமென்ட் அக்டோபர் ரெண்டாம் தேதிக்கு மேல கிடைக்கணும்னு தேதி சொல்லியே ஜெபிச்சுடுங்க பாஸ்டர்." வகுப்பு அவ்வாறே ஜெபிக்கிறது, அனைவரும் கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் மட்டும் கைப்பேசியில் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு.