தேய்மானமே இல்லை

பல்செட் சரியாக அமைந்ததா என்று எங்கள் ஏழாயிரம்பண்ணையில் டாக்டர் சொன்னால் செல்லாது. சாத்தூர்க் காராச்சேவு சொல்ல வேண்டும்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரே டாக்டரிடம் மேலும் கீழுமாக முழு செட் கட்டினார்கள். பெரியப்பாவுக்குப் பரம திருப்தி. பெரியம்மா இன்றுவரை வைதுகொண்டிருக்கிறாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டிக் கொடுத்தவள் அவள். "குரோசு குரோசா ஒட்டிருக்கேன், ஒண்ணு பிரிஞ்சிருக்குமா? இந்தக் கீழ்செட்டு ரெண்டு வார்த்த பேசுனா எந்திரிச்சு நிக்கி!"

அவள் சொல்வது நியாயம்தான். மேல்செட் அண்ணம் முழுக்கப் படர்ந்து எச்சில் பசையில் நின்றுகொள்ளும். கீழே இருப்பது ஒரு ஒல்லி வரப்பு. பல் போனபின் அதுவும் வருஷா வருஷம் கரையும். போதாக்குறைக்கு நாக்கு வேறு. பெரியம்மாவின் நாக்கு சும்மா கிடக்கிற ரகமில்லை.

2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், தாடை எலும்பில் இரண்டு திருகாணி இறக்கிக் கீழ்செட்டை அதில் மாட்டுவதுதான் முதல் சிகிச்சையாக இருக்க வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்ட பெரியம்மா, "அந்தக் காசுக்குக் கம்மலே எடுத்துரலாம். நாலு பேரு கண்ணுலயாவது படும்" என்றாள்.

அமெரிக்கப் பல் மருத்துவர் ஹவுஸ், செட் கட்ட வருகிறவர்களை நாலாகப் பிரித்தார்: தத்துவவாதி, கறார்ப் பேர்வழி, அக்கறையில்லாதவர், பதற்றக்காரர். பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். செட் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், சொந்தப் பல்லின் கடிபலத்தில் கால்வாசி தேறினாலே அதிகம். ஆகவே திருப்தி என்பது பாதிக்கு மேல் ஆளைப் பொறுத்தது. பெரியம்மா சந்தேகமில்லாமல் இரண்டாவது வகை. பெரியப்பா முதலாவதா மூன்றாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

காந்தி சாப்பிடும்போது மட்டும் செட்டை மாட்டுவாராம். பெரியப்பா நேர் எதிர். கல்யாண வீட்டு வாசலில் மாட்டுவார். மொய் எழுதி, மேடையில் போட்டோவுக்குச் சிரித்துவிட்டு, பந்தியில் இலை விழுந்ததும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "திங்கிறதுக்குத்தான் ஈறு இருக்கேடா." அப்பளம் மட்டும் சாம்பாரில் ஊறும்.

வருஷம் கழிந்து செட்டைச் சரிபார்க்க வரச்சொன்னார் டாக்டர். பெரியம்மா புகார்களை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். டாக்டர் பெரியப்பாவின் செட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து அசந்துபோனார்.

"ஒரு கீறல்கூட இல்லையே ஐயா! எப்படி இருக்கு?"

"சொக்கத்தங்கம் சார். தேய்மானமே இல்ல."